டபுள் பீன்ஸ் வயல்ல ஒரு மர ரேஸ் ட்ராக்

எரிச்சல்ல எழுதற பதிவு இது. முதல்லயே சொல்லிடறேன்.

நூறு வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல மரப்பலகை அடிச்ச ட்ராக்ல கார் ரேஸ் விட்டிருக்காங்க. அதைப் பத்தி ஒரு வீடியோ பாத்தேன். படமெல்லாம் பிரமாதம். நிமிந்து நிக்கிற பலகைச் சரிவு, அதுல சாஞ்சுக்கிட்டே பாயற கார், மேல் விளிம்புல தொப்பி போட்ட ஜனம்.

எல்லாத்தையும் காட்டிட்டு கடைசில ஒரே வரில முடிச்சுட்டான். மரம் மக்கிப் போச்சாம். அதனால மூடிட்டாங்களாம். லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க.

யோவ்!

மரம் மக்கும்னு கட்டினவனுக்குத் தெரியாதா? வெயில்லயும் மழைலயும் போட்ட பலகை எத்தனை நாளைக்கு நிக்கும்னு நம்ம ஊர் ஆசாரியைக் கேட்டா கூட சொல்லிடுவார். தெரிஞ்சேதான் கட்டினாங்க. கலிஃபோர்னியா தொடங்கி நியூ ஜெர்சி வரைக்கும் கட்டினாங்க. 1920லேருந்து 1931 வரைக்கும் அமெரிக்க தேசிய சாம்பியன்ஷிப் ரேஸ்ல மூணுல ரெண்டு பங்கு மரத்து மேலதான் நடந்துச்சு. அவ்வளவு பெரிய ஆட்டம் சும்மா மக்கிப் போய் முடிஞ்சுதுன்னா எப்படி நம்பறது?

அந்தக் கடுப்புல படிக்க ஆரம்பிச்சேன். இப்ப எங்க வீட்ல நான் "பலகை"ன்னு வாயைத் திறந்தாலே ஆளாளுக்கு ஒரு வேலை ஞாபகம் வந்து எழுந்து போயிடறாங்க. அதனால நீங்க மாட்டினீங்க.

என் கணக்குல சந்தேக லிஸ்ட்ல நாலு பேர். மரம், மரணம், மனை, வேகம்.

(நாலாவது ஆள் மட்டும் மோனைக்கு ஒத்து வரல. அப்பவே எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு.)

விசாரிக்க ஒரு ட்ராக்கை எடுத்துக்கறேன். பெவர்லி ஹில்ஸ்.

ஆமாங்க, அதே பெவர்லி ஹில்ஸ்தான். சினிமாக்காரங்க பங்களா, விலையைக் கேட்டாலே கண்ணைக் கட்டற கடைங்க, எல்லாம் இருக்கே, அதே ஊர். அங்க நடுவுல ஒரு மர ரேஸ் ட்ராக் இருந்துச்சு.

அதுக்கு முன்னாடி ஒரு சைக்கிள்காரரைப் பாத்துட்டு வந்துடுவோம்.

ஜாக் பிரின்ஸ். இங்கிலாந்துக்காரர். முன் சக்கரம் ஆள் உசரத்துக்கு, பின் சக்கரம் துக்கடாவா, ஒரு பழைய சைக்கிள் படத்துல பாத்திருப்பீங்களே, அதுல ரேஸ் ஓட்டினவர். அமெரிக்கா வந்து சைக்கிள் ரேஸுக்குப் பலகை ட்ராக் கட்டிக் குடுக்கறதைத் தொழிலாக்கிட்டார். சைக்கிள் மோகம் அடங்கினதும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டினார். அப்புறம் காருக்கு. மனுஷன் கடைசி வரைக்கும் அதே பலகை, அதே ஆணி. மேல ஓடற வண்டி மட்டும் பெருசாயிட்டே போச்சு.

காருக்குன்னே கட்டின முதல் பலகை ட்ராக் 1910 ஏப்ரல்ல லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல ப்ளாயா டெல் ரேங்கற இடத்துல திறந்துச்சு. சுத்தளவு ஒரு மைல். முழு வட்டம். நேரா போற இடமே கிடையாது. உள்ள போனா ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிச்சுப் பிடிச்சுக்கிட்டு சுத்திக்கிட்டே இருக்க வேண்டியதுதான்.

1913ல எரிஞ்சு போச்சு.

(மரம்! வீடியோக்காரருக்கு ஒரு பாயின்ட். குடுத்துடுவோம்.)

சரி, ஏன் மரம்? இது நியாயமான கேள்வி. வேற என்ன இருந்துச்சுன்னு பாருங்க. மண் ட்ராக்ல புழுதி. ரெண்டு சுத்து வந்தா முன்னாடி போறவனைத் தவிர யாருக்கும் ஒண்ணும் தெரியாது. இண்டியானாபொலிஸ்ல 1909ல ஜல்லியும் தாரும் போட்டு ட்ராக் திறந்தாங்க. முதல் கார் ரேஸுங்கள்லயே ரோடு பேந்து உயிர் போச்சு. அப்புறம் அந்த வருஷமே 32 லட்சம் செங்கல் பதிச்சாங்க. 32 லட்சம்! அந்தக் காசு எல்லார்கிட்டயும் இருக்குமா? அதுவும் போக, கார் வேகமா வளையணும்னா ரோடு உள்பக்கமா சரிஞ்சு இருக்கணும். 35 டிகிரி, 45 டிகிரி சரிவுல ரோலரை ஏத்தி தார் போட முடியாது.

பலகைன்னா அந்தப் பிரச்சினையே இல்ல. கீழ சாரம் கட்டு, எவ்வளவு சரிவு வேணுமோ அவ்வளவுக்கு நிமித்து, ரெண்டுக்கு நாலு இஞ்சு கட்டையை வாங்கி அடி. படுக்க வெச்சு இல்ல, ஒருக்களிச்சு நிக்க வெச்சு. ரெண்டு இஞ்சு முகம் மேல, நாலு இஞ்சு ஆழம் கீழ. கட்டைக்குப் பக்கத்துல கட்டை, மொத்த ட்ராக்கும் அப்படியே. மில்லு இருந்தா போதும், ஆசாரிங்க இருந்தா போதும், சில மாசத்துல டிக்கெட் விக்க ஆரம்பிச்சுடலாம்.

சில வருஷத்துல பிரிச்சும் போட்டுடலாம். இது முக்கியம். ஞாபகம் வெச்சுக்கோங்க.

இப்ப பெவர்லி ஹில்ஸ்.

1920 கணக்கெடுப்புல அந்த ஊர் ஜனத்தொகை 674. (எங்க அபார்ட்மென்ட்ல ஆடிப்பெருக்கு அன்னிக்கு வர்ற சொந்தக்காரங்களே அவ்வளவு இருப்பாங்க.) சுத்தி டபுள் பீன்ஸ் வயல். பங்களாக்காரங்க அப்பதான் ஒவ்வொருத்தரா வந்துட்டு இருந்தாங்க. அங்க ரேஸ்காரங்களும் சினிமாத் தொழில்காரங்களும் சேந்து சுமார் 275 ஏக்கர் வளைச்சுப் போட்டு, ஒண்ணேகால் மைல் ஓவல் ட்ராக் கட்டினாங்க. கட்டினது நம்ம ஜாக் பிரின்ஸ். ஆனா இந்தத் தடவை கூட ஒரு இன்ஜினியர் இருந்தார், ஆர்ட் பில்ஸ்பரின்னு.

கதையே இங்கதான் திரும்புது.

ஓவல் ட்ராக்ல பெரிய தலைவலி எது தெரியுமா? நேர்ப்பாதை முடிஞ்சு வளைவு ஆரம்பிக்கிற இடம். இந்தப் பக்கம் கிட்டத்தட்ட தரை. அந்தப் பக்கம் திடீர்னு சுவர். கார் அந்த இடத்துல தூக்கிப் போடும். ஓட்டறவன் ஸ்டியரிங்கோட மல்லுக்கட்டணும்.

ரயில்வேக்காரங்க இந்தத் தலைவலியை ரொம்ப முன்னாடியே தீத்துட்டாங்க. தண்டவாளம் நேரா வந்து டக்குனு வளையாது. கொஞ்சம், அப்புறம் இன்னும் கொஞ்சம், அப்புறம் முழுசான்னு வளையும். அதுக்கேத்த மாதிரி வெளிப்பக்கத்துத் தண்டவாளமும் மெல்ல மெல்ல உசரும். அதனாலதான் எக்ஸ்பிரஸ் வண்டி வளையறப்ப உங்க கைல இருக்கிற டீ சிந்தறதில்ல. (சிந்தினா அது பக்கத்து சீட்காரர் முழங்கை.) இதுக்கு சியர்ல்ஸ்னு ஒருத்தர் பேர்ல ஒரு கணக்கு இருந்துச்சு. பில்ஸ்பரி அந்த ரயில்வே கணக்கைக் கொண்டு வந்து கார் ட்ராக்ல போட்டார். சரிவு 35 டிகிரி வரைக்கும் ஏறுது, ஆனா எந்த இடத்துல ஏற ஆரம்பிச்சுதுன்னே காருக்குத் தெரியாது.

எனக்கு இது வாயால சொன்னா புரியற ரகமா தெரியல. அதனால பழைய காலண்டர் அட்டை, செல்லோடேப், அக்கா பையனோட பொம்மைக் கார், எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு ஹால்ல உக்காந்தேன்.

முதல்ல நேரா ஒரு அட்டை, அதோட ஒட்டி சரிவா ஒரு அட்டை. கார் ஒட்டுப் போட்ட இடத்துல மூக்கைக் குத்திக்கிட்டு கவுந்துச்சு. சரிவைக் குறைச்சேன். கவுறல, ஆனா வெளிய பறந்து சோபாவுக்கு அடியில போயிடுச்சு. சரிவை ஏத்தினேன். உள்பக்கமா உருண்டுச்சு. அட்டையை வெட்டி, நனைச்சு, முறுக்கி (இதுக்கு நடுவுல வீட்ல ஒரு சின்ன வாக்குவாதம்), நேர்ல இருந்து சரிவுக்குப் படிப்படியா போற மாதிரி ஒரு வழியா வளைச்சேன்.

விட்டேன் பாருங்க. யாரோ உள்ள உக்காந்து ஓட்டற மாதிரி அழகா வளைஞ்சு போச்சு.

நான் கைதட்டினேன். அக்கா பையன் தட்டல. கொஞ்ச நேரம் பாத்துட்டு கேட்டான்:

"அப்போ டிரைவர் எதுக்கு மாமா?"

எனக்கு அந்த நேரத்துல பதில் வரல. கேள்வியை இங்க வெச்சுட்டுப் போறேன். அப்புறம் வர்றேன்.

1920 பிப்ரவரி 28. பெவர்லி ஹில்ஸ் ட்ராக் திறப்பு. 250 மைல் ரேஸ். ஜெயிச்சது ஜிம்மி மர்ஃபி, டூசன்பர்க் கார்ல. அதுவரைக்கும் ஓட்டறவர் பக்கத்துல உக்காந்து போற மெக்கானிக்கா பேர் வாங்கின பையன். அவரோட சராசரி வேகம் மணிக்கு 100 மைலைத் தாண்டிச்சு. அதாவது 160 கிலோமீட்டருக்கு மேல. அதே வருஷம் இண்டியானாபொலிஸ் செங்கல் ட்ராக்ல 500 மைல் ஜெயிச்ச காஸ்டன் செவ்ரோலேயோட சராசரி சுமார் 88 மைல்தான்.

(ஆமா, செவ்ரோலே கார் கம்பெனிக்குப் பேர் குடுத்த லூயி செவ்ரோலேயோட தம்பி.)

மர்ஃபி அடுத்த வருஷமே பிரான்ஸ் போய் பிரெஞ்சு கிராண்ட் பிரியை அமெரிக்கக் கார்ல ஜெயிச்சார். 1922ல இண்டியானாபொலிஸையும் ஜெயிச்சார். பலகை வளத்த பிள்ளை.

இப்ப முதல் சந்தேக நபரைக் கூண்டுல ஏத்துவோம். மரம்.

மரம் மக்கிச்சா? மக்கிச்சு. கார் சக்கரம் அடிச்சு அடிச்சு கட்டை பிளந்துச்சு. சிராய் பறந்து வந்து ஓட்டறவங்க மூஞ்சில குத்துச்சு. ரேடியேட்டர் ஓட்டையாகாம இருக்க முன்னாடி வலை அடிச்சாங்க. இன்ஜின் கக்கற ஆயில் பலகைல படிஞ்சு வழுக்குச்சு. இதை எல்லாம் விட அபாரமான விஷயம் ஒண்ணு. ரேஸ் நடந்துட்டு இருக்கறப்பவே, ட்ராக்குக்கு அடியில ஆசாரிங்க இருப்பாங்க. மேல ஓட்டை விழுந்தா கீழ இருந்தே கட்டையைக் குடுத்து அடைப்பாங்க. தலைக்கு மேல ஒரு சாண் தள்ளி மணிக்கு நூறு மைல்ல கார் போயிட்டு இருக்கும், இவர் கைல சுத்தியலோட ஆணி அடிச்சுட்டு இருப்பார்.

அந்த ஆசாரிங்க பேரை எல்லாம் எந்தப் புத்தகத்துலயும் காணோம். ஜெயிச்சவன் பேரு சராசரி வேகத்தோட இருக்கு. வயித்தெரிச்சல்.

ஆனா பாருங்க, பெவர்லி ஹில்ஸ் ட்ராக் நின்னது நாலே வருஷம். மக்கறதுக்குள்ளயே பிரிச்சுட்டாங்க. அது போக, மக்கின பலகையை மாத்தறது பெரிய வித்தை இல்ல. காசு வந்தா மாத்துவாங்க. அதனால நாம கேக்க வேண்டியது, காசு ஏன் நின்னுச்சுன்னு. மரத்தை ஜாமீன்ல விடறேன்.

ரெண்டாவது ஆள், மரணம்.

இவர் பேர்ல கேஸ் நிறைய. 1920 நவம்பர் 25, நன்றி நவிலல் நாள். பெவர்லி ஹில்ஸ்ல வருஷத்தோட கடைசி ரேஸ். காஸ்டன் செவ்ரோலேயும் எடி ஓடானலும் மோதினாங்க. செவ்ரோலே செத்துட்டார். வயசு 28. ஓடானலும் போயிட்டார். அவர் கூட உக்காந்திருந்த மெக்கானிக் லயால் ஜோல்ஸும் போயிட்டார். அந்த வருஷ சாம்பியன் பட்டம் இறந்து போன செவ்ரோலேக்குத்தான் போச்சு.

பென்சில்வேனியால அல்டூனா பக்கத்துல இன்னொரு பலகை ட்ராக். இண்டியானாபொலிஸை ஜெயிச்ச மூணு பேரை அது முழுங்கியிருக்கு. 1923ல ஹவ்டி வில்காக்ஸ். 1924ல ஜோ பாயர். 1929ல ரே கீச். பாயர் ஜெயிச்ச அதே வருஷம் செத்தார். கீச் ஜெயிச்சு ரெண்டு வாரம்தான் ஆகியிருந்துச்சு.

மோட்டார் சைக்கிள் பலகை ட்ராக் இதைவிட மோசம். 1912 செப்டம்பர்ல நியூ ஜெர்சி நியூவார்க்ல எடி ஹாஷாவோட வண்டி விளிம்புல ஏறிடுச்சு. அவரும் இன்னொரு ஓட்டுநரும் செத்தாங்க. மேல குனிஞ்சு பாத்துட்டு இருந்த பசங்களும் செத்தாங்க. பேப்பர்காரங்க கிழிச்சுத் தொங்க விட்டாங்க. அந்தச் சின்ன வட்ட ட்ராக்குங்களுக்கு உண்மையிலேயே அதுதான் அடி.

ஆனா கார் ட்ராக்கு? செவ்ரோலே செத்த அப்புறமும் பெவர்லி ஹில்ஸ்ல மூணு வருஷத்துக்கு மேல ரேஸ் நடந்துச்சு. கூட்டமும் வந்துச்சு. வில்காக்ஸ் செத்த அப்புறமும் அல்டூனா ஓடுச்சு. எழுதவே சங்கடமா இருக்கு, ஆனா நிஜம் இதுதான். சாவைப் பாத்து ஜனம் டிக்கெட் வாங்கறதை நிறுத்தல. ரெண்டாவது ஆளும் வெளிய.

மூணாவது, மனை. இவர்தான் பெவர்லி ஹில்ஸை நேரடியா முடிச்சவர். கையும் களவுமா மாட்டிக்கிட்டார்.

674 பேர் இருந்த ஊருக்குப் பத்து வருஷம் கழிச்சு, 1930ல எத்தனை பேர் தெரியுமா?

17,429.

நம்ம ஊர்ல ரிங் ரோடு வர்றதா பேச்சு அடிபட்டதுமே கம்பு வயல்ல கலர் கொடி நட்டுடறாங்களே, அதே கதைதான். டபுள் பீன்ஸ் வயல் ப்ளாட் ப்ளாட்டா கிழிஞ்சுது. 275 ஏக்கர்ல வருஷத்துக்கு நாலஞ்சு நாள் கார் ஓட்டறதுக்கு, மனையா வித்தா எவ்வளவு வரும்? இந்தக் கணக்குப் போட இன்ஜினியர் வேண்டாம். 1924 பிப்ரவரில கடைசி ரேஸ். ஜெயிச்சது ஹார்லன் ஃபெங்லர், சராசரி 116 மைலுக்கு மேல. அவ்வளவுதான், பிரிச்சாச்சு. இன்னைக்கு மேப்ல வில்ஷயர் பொலிவார்டுக்குத் தெக்க பெவர்லி வில்ஷயர்னு ஒரு பெரிய ஹோட்டல் தெரியும். 1928ல வந்தது. ட்ராக் இருந்த நிலத்துலதான் நிக்குது.

அப்ப குற்றவாளி மனைதானே? பதிவை இங்கயே முடிச்சுடலாமே?

முடிச்சிருப்பேன். ஆனா ஒண்ணு உறுத்துச்சு. ட்ராக்கைப் பிரிச்ச அதே 1924லயே, கொஞ்சம் தள்ளி கல்வர் சிட்டில புதுசா ஒண்ணு கட்டிட்டாங்க. அதே ஒண்ணேகால் மைல். சரிவு 45 டிகிரி. டிசம்பர்ல ரேஸ். நிலம் போனா என்ன, ஆட்டத்தைத் தூக்கிக்கிட்டு அடுத்த ஊருக்குப் போயிட்டாங்க. (சீக்கிரம் கட்டலாம், சீக்கிரம் பிரிக்கலாம்னு சொன்னேனே!) மனை ஒரு ட்ராக்கைக் கொல்லும். ஆட்டத்தையே கொல்லாது.

ஆனா கல்வர் சிட்டி 1927ல மூடினப்ப அதுக்குப் பதிலா யாரும் அங்க ஒண்ணு கட்டல. ஏன்?

நாலாவது ஆளே, மேல வாங்க. வேகம்.

1926 பிப்ரவரி. மயாமி பக்கத்துல ஃபுல்ஃபோர்டுங்கற இடம். கட்டினவர் கார்ல் ஃபிஷர். இண்டியானாபொலிஸை உருவாக்கின நாலு பேர்ல ஒருத்தர், செங்கல் பதிச்ச ஆள். அவரே மரத்துக்கு வந்துட்டார். சரிவு 50 டிகிரி. டாமி மில்ட்டன் தகுதிச் சுத்துல மணிக்கு 142 மைலைத் தாண்டினார். அந்த வருஷம் இண்டியானாபொலிஸ்ல முதல் இடத்துல நின்ன காரோட தகுதி வேகம் 111 மைல்தான். (ஃபுல்ஃபோர்டுல அந்த ஒரு ரேஸ்தான் நடந்துச்சு. ஜெயிச்சது பீட்டர் டிபாவ்லோ. செப்டம்பர் புயல்ல ட்ராக் காலி.)

1927 மே. நியூ ஜெர்சில அட்லான்டிக் சிட்டி ட்ராக். ஃபிராங்க் லாக்ஹார்ட், மில்லர் கார். மணிக்கு 147.229 மைல். 237 கிலோமீட்டர்! இண்டியானாபொலிஸ் தகுதிச் சுத்துல அந்த வேகத்தைத் தாண்ட 1960 ஆச்சு. அந்த மில்லர் இன்ஜின் வெறும் 1.5 லிட்டர். இன்னைக்கு நம்ம ரோட்ல போற ஹோண்டா சிட்டி சைஸ்தான். சூப்பர்சார்ஜர் போட்டு 150 குதிரைத்திறனுக்கு மேல கறந்தார் ஹாரி மில்லர்.

அபாரம். சந்தேகமே இல்ல. ஆனா நீங்க டிக்கெட் வாங்கிட்டு உக்காந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. என்ன தெரியும்?

ஒண்ணேகால் மைல் சுத்து, 125 மைல் வேகம். சுத்துக்கு 36 செகண்ட். 250 மைலுக்கு 200 சுத்து. பத்துப் பதினஞ்சு கார். விர்ர்ர். விர்ர்ர். விர்ர்ர். ரெண்டு மணி நேரம்.

யாரும் பிரேக் அடிக்கல. யாரும் சறுக்கிச் சமாளிக்கல. வளைவுல ஒருத்தன் தைரியமா உள்ள நுழைஞ்சு இன்னொருத்தனை ஏமாத்தல. எப்படி நுழைவான்? சரிவும் வளைவும்தான் காரை ஓட்டுதே! பில்ஸ்பரி அவ்வளவு அழகா கணக்குப் போட்டுட்டாரே! ஓட்டறவனுக்கு மிச்சம் இருந்த வேலை, ஆக்ஸிலேட்டரை மிதிச்சுப் பிடிச்சுக்கிட்டு சிராய் கண்ணுல படாம பாத்துக்கறது.

"அப்போ டிரைவர் எதுக்கு மாமா?"

டேய் கண்ணா, 1920கள்ல டிக்கெட் வாங்கின ஜனமும் அதையேதான்டா கேட்டிருக்கும்.

டிரைவரால வித்தியாசம் இல்லன்னா, இன்ஜினாலதான் வித்தியாசம். இன்ஜின்னா காசு. மில்லர் கார் சும்மா 10,000 டாலர். அதே சமயம் ஃபோர்டு மாடல் டி 300 டாலருக்குள்ள கிடைச்சுது. முப்பது காரோட விலை ஒரு காருக்கு! யாரால வாங்க முடியும்? அதே நாலஞ்சு பேர்தான். அதே நாலஞ்சு பேர் அதே மாதிரி கார்ல வந்து, முன்னாடி போறவன் முன்னாடியே போய், ஜெயிச்சு, வீட்டுக்குப் போறான். அடுத்த ஊர்ல மறுபடி அதே.

"அதெல்லாம் சரி, 1929ல பொருளாதாரமே படுத்துச்சே, அதனாலதானே மூடினாங்க?"ன்னு கேப்பீங்க. கேக்கணும். கல்வர் சிட்டியும் ஃபுல்ஃபோர்டும் அட்லான்டிக் சிட்டி ரேஸும் 1929 சரிவுக்கு முன்னாடியே முடிஞ்சாச்சு. சரிவு வந்து மிச்சம் மீதியைத் துடைச்சுது, அவ்வளவுதான். அல்டூனால 1931 செப்டம்பர்ல நடந்ததோட தேசிய சாம்பியன்ஷிப்புக்கும் பலகைக்கும் உறவு அறுந்துச்சு.

ஆனா அதே லாஸ் ஏஞ்சலஸ்ல, ஜனம் சோத்துக்கே திண்டாடின 1934ல, புதுசா ஒரு ரேஸ் மைதானம் திறந்தாங்க. கில்மோர் ஸ்டேடியம். பெவர்லி ஹில்ஸுக்குப் பக்கத்துலயே. கால் மைல் மண் ட்ராக். ஓடினது மிட்ஜெட்னு குட்டிக் குட்டிக் கார். 147 மைல் எல்லாம் கனவுல கூட வராது. ஆனா ஒவ்வொரு வளைவுலயும் பின்பக்கம் சறுக்கும், ஓட்டறவன் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடிச்சுச் சமாளிப்பான், ரெண்டு பேர் இடிச்சுக்குவாங்க, கடைசில இருந்தவன் முன்னாடி வருவான். ஜனம் அள்ளிச்சு.

கைல காசு இல்லாதவன், மெதுவா போற காரைப் பாக்கக் காசு குடுத்தான். எனக்கு இதுக்கு மேல சாட்சி வேண்டாம்.

(கில்மோர் ஸ்டேடியத்தையும் கடைசில மனைதான் முடிச்சுது. அங்க 1952ல சிபிஎஸ் டிவி ஸ்டுடியோ வந்துச்சு. மூணாவது ஆள் திருந்தவே மாட்டார்.)

இதை அப்பவே கண்டுபிடிச்ச ஒருத்தர் இருந்தார். எடி ரிக்கன்பேக்கர். முதல் உலகப்போர்ல பேர் வாங்கின விமானி. அதுக்கு முன்னாடி பலகை ட்ராக்லயே ஜெயிச்சவர். 1927ல இண்டியானாபொலிஸை விலைக்கு வாங்கினார். 1930ல புது விதி வந்துச்சு. சூப்பர்சார்ஜரைத் தூக்கு, சாதாரண காரோட இன்ஜினைக் கொண்டா, மெக்கானிக்கைத் திரும்பப் பக்கத்துல உக்கார வை. பத்திரிகைக்காரங்க காயலாங்கடை விதின்னு கிண்டல் அடிச்சாங்க. மில்லர் ரசிகர்கள் திட்டினாங்க. ஆனா கராஜ்ல கைல அழுக்கோட கார் கட்டினவனெல்லாம் மறுபடி ரேஸுக்கு வந்தான். இண்டியானாபொலிஸ் இன்னைக்கும் நடக்குது.

என் தீர்ப்பு: பலகை ட்ராக் தன் வேலையை ரொம்ப நல்லா செஞ்சுது, அதனாலேயே செத்துது. வேகத்துக்குத் தடையா இருந்த ஒவ்வொண்ணையும் எடுத்தாங்க. அந்தத் தடைங்கதான் பந்தயம்னு அப்ப யாருக்கும் தோணல.

ஒரே ஒரு வாரிசு மட்டும் உயிரோட இருக்கு. அதை நீங்களே பாத்திருப்பீங்க.

மரணக் கிணறு!

பொருட்காட்சில, திருவிழால, பலகை அடிச்ச கிணத்துக்குள்ள பைக்கும் மாருதி காரும் சுத்துமே, அதேதான். அமெரிக்காவுல அந்த மோட்டார் சைக்கிள் பலகை ட்ராக்கைச் சுருக்கி, திருவிழாவுக்குத் தூக்கிட்டுப் போற மாதிரி 1910கள்லயே செஞ்சாங்க. சுவரை முழுசா நிமித்துனாங்க. அங்க இருந்து உலகம் முழுக்கப் பரவி நம்ம ஊர் ராட்டினத்துக்குப் பக்கத்துல வந்து நிக்குது.

பெரியப்பன் மாதிரி நின்ன ஒண்ணேகால் மைல் ட்ராக் எல்லாம் போச்சு, இது மட்டும் எப்படித் தப்பிச்சுது? நாலு பேரையும் வரிசையா கேளுங்க. மரம்? பலகை போனா வேற பலகை மாட்டிக்கலாம். மனை? லாரில ஏத்தி அடுத்த ஊர். மரணம்? போர்டுலயே எழுதி வெச்சுத்தானே டிக்கெட் விக்கிறாங்க. வேகம்? அதை ஏத்தற பேச்சே இல்ல. கீழ விழாம இருக்க எவ்வளவு வேணுமோ அவ்வளவு போதும். போன வருஷத்தை விட இந்த வருஷம் வேகமா சுத்தினான்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா? மிச்ச தெம்பை எல்லாம் அந்த ஆள் ரெண்டு கையையும் விட்டு ஓட்டறதுலயும், நீங்க நீட்டற நோட்டைப் பறிக்கிறதுலயும் காட்டுவார். டிரைவர் எதுக்குன்னு அங்க யாரும் கேக்க மாட்டாங்க.

அடுத்த தடவை ஊர்ல பொருட்காட்சி போட்டா போய்ப் பாருங்க. பத்து ரூபா நோட்டா நீட்டாதீங்க, கஞ்சத்தனமா இருக்கும். ஐம்பது நீட்டுங்க.